எந்தப் பறப்புக்கு அந்தக் காசு?

திருகோணமலையில் இருந்து ரொறன்ரோவுக்குப் போகிறவரின் ரிக்கெற்றில் இரண்டு வரிதான் இருக்கும். கொழும்பில் இருந்து டுபாய், டுபாயில் இருந்து ரொறன்ரோ. சிலருக்கு நடுவில் டோகாவோ அபுதாபியோ வரும். ஆனால் வீட்டு வாசலில் இருந்து எண்ணினால் பயணம் மூன்று. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஆறு மணி நேரம் வாகனத்தில் இருந்தால்தான் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கே போய்ச் சேரலாம். எங்கள் ஊர்ப் பக்கம் சீனன்குடாவில் விமான ஓடுபாதை இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்து குண்டு போட்ட காலத்திலேயே இருந்தது. இருந்தும் கனடா போக நாங்கள் தீவின் மறுகரைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிற அம்மா அப்பாமார் எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒருவராவது இருப்பார்கள். சொந்தக்காரரின் ரிக்கெற் வேலை பெரும்பாலும் என் தலையில் விழுவதால் அவர்களுடைய பிள்ளைகள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "அண்ணா, காசு கட்டினா பிஸ்னஸ் கிளாசுக்கு மாத்தலாம் எண்டு ஈமெயில் வந்திருக்கு. ரெண்டு பறப்புக்கும் கட்டவா?"

கட்டுங்கள், ஆனால் ஒன்றுக்கு மட்டும் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன். எந்தப் பறப்பில் அந்த உடம்பு படுத்தே ஆக வேண்டுமோ அதற்கு. மிச்சக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஆட்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு கூச்சம் உண்டு. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பப் போகிற கதிரைக்கு ஏன் இவ்வளவு காசு, அந்தக் காசுக்கு ஒரு சோடித் தோடு செய்யலாமே என்பார்கள். 2022க்குப் பிறகு அந்தக் கூச்சம் இன்னும் கூடிவிட்டது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. பிறகு 300 பக்கம் இறங்கினாலும் டொலரில் ஒரு விலையைக் கேட்டதும் மனம் அதை ரூபாயில் பெருக்கிப் பயந்துபோகிறது. மகளோ மகனோ கனடாவில் இருந்து கட்டினாலும் அம்மா ரூபாயில்தான் கணக்குப் பார்ப்பார். எனக்கு அந்தக் கணக்கு நன்றாகவே விளங்குகிறது. ஆனால் எழுபது கடந்த, முழங்கால் தேய்ந்த ஒருவர் பதினாலு மணி நேரம் காலை நீட்டிப் படுப்பதை ஆடம்பரம் என்று ஒத்துக்கொள்ள என்னால் முடியாது. மூட்டுக்குத் தைலம் வாங்குகிறோம், ஊசி போடுகிறோம், அதையெல்லாம் யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை.

அம்மா முதல் தடவை தங்கச்சியிடம் போனபோது முழுக்க எக்கனமியில்தான் போனார். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அவளுடைய வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றியபோது தங்கச்சி படம் எடுத்து அனுப்பினாள். கணுக்கால் இருக்கிற இடமே தெரியவில்லை. காலுறையின் மேல்விளிம்பு தோலுக்குள் வளையமாகப் பதிந்து, அதற்கு மேலே சதை பிதுங்கி நின்றது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிரம்ப நேரம் எடுத்ததாம். இரண்டு நாளில் வற்றிவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை என்று வைத்தியர் சொன்னார். அப்படி வீங்கிய கால் எல்லாமே ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு முடிவை அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணம் செய்தால் காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிக்கிறது. இரட்டித்தாலும் அது ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவர் என்ற அளவில்தான் நிற்கிறது. பிஸ்னஸ் கிளாசில் படுத்தபடி அசையாமல் கிடந்தாலும் அது வரலாம். எங்கள் ஊர்க்காரர் கவனிக்க வேண்டிய விஷயங்கள் அதில் இரண்டு உண்டு. பஸ், கார், ரெயில் பயணத்துக்கும் அது பொருந்தும். அடுத்தது, குறுகிய காலத்தில் அடுத்தடுத்துப் பல பயணம் செய்தால் வாய்ப்பு இன்னும் கூடும். அப்படியென்றால் கந்தளாய் வீதியில் இருந்தே அந்தக் கணக்குத் தொடங்கிவிடுகிறது. ஏற்கெனவே நாளத்தில் பிரச்சினை உள்ளவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் எந்த வகுப்பில் போனாலும் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

சரி, பறப்புகளுக்கு வருவோம். கொழும்பில் இருந்து டுபாய்க்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. டுபாயில் இருந்து ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ பதினாலு. முதல் பறப்பில் ஏறி, மேலெழும்பி, பட்டி கழற்றச் சொல்லி, சாப்பாடு தந்து, தட்டு எடுத்து, திரும்பவும் இறங்கப் போகிறோம் என்று கதிரையை நிமிர்த்தச் சொல்கிற நேரங்களைக் கழித்துப் பாருங்கள். படுக்கக் கிடைப்பது இரண்டரை மணி நேரம் இருந்தால் பெரிது. இரண்டாவதில் அதே நேரங்களைக் கழித்தாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் மிஞ்சும். ஒரு கணக்குக்கு, முதல் பறப்புக்கு 300 டொலர், இரண்டாவதுக்கு 800 டொலர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்த்ததும் 300 மலிவாகத் தெரியும். படுக்கிற நேரத்தால் பிரித்தால் முதலாவது மணிக்கு 120 டொலர், இரண்டாவது 80க்கும் கீழே. விலை என்னவாக இருந்தாலும் இப்படிப் பிரித்துப் பார்க்காமல் நான் யாருக்கும் "ஓம்" சொல்வதில்லை.

கதிரையும் ஒன்றுபோல இருக்காது. வகுப்பின் பெயர் ஒன்றாக இருக்கும், ஆனால் விமானத்துக்கு விமானம் உள்ளே இருப்பது வேறு. எமிரேட்ஸ் ரொறன்ரோவுக்கு விடுவது ஏ380. அதில் பிஸ்னஸ் கிளாஸ் மேல்மாடியில், வரிசைக்கு ஒன்று, இரண்டு, ஒன்று என்று நான்கே கதிரை, எல்லாருக்கும் நடைபாதை. அதே நிறுவனத்தின் பழைய போயிங் 777 சிலவற்றில் இரண்டு, மூன்று, இரண்டு என்று ஏழு கதிரை. அதில் நடுக் கதிரை கிடைத்தால் மேல் வகுப்புக்குக் காசு கட்டியும் பக்கத்தில் இருப்பவரைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போக வேண்டும். ஸ்ரீலங்கன் விமானத்தில் லண்டன் போகிறவருக்கு ஏ330இல் முழுதாய்ச் சாயும் படுக்கை கிடைக்கும். சென்னைக்குப் போகிற ஏ320இல் அது கொஞ்சம் அகலமான சாய்கதிரை மட்டுந்தான், அதுவும் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான பறப்பு. காசு கட்டுவதற்கு முன்னால் விமானத்தின் வகையையும் கதிரை வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இனி கட்டுநாயக்கவில் நடப்பது. போன தடவை நானும் அம்மாவும் கவுண்டரில் நின்றோம். பெட்டிகளை நிறுத்துப் போட்டுவிட்டு அங்கிருந்த பெண் பிள்ளை திரையைப் பார்த்தார். பிறகு ஒரு சின்னத் துண்டில் விலையை எழுதி என் பக்கம் தள்ளினார். பிஸ்னஸ் கிளாசில் இடம் இருக்கிறது, இப்போதே கார்டில் கட்டினால் இந்த விலை என்றார். ஈமெயிலில் வந்த விலையைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

"என்னவாம் தம்பி?"

"மேல் வகுப்புக்கு மாத்தலாமாம் அம்மா."

"எது மட்டும்? கனடா மட்டுமோ?"

"இல்லை, டுபாய் மட்டுந்தான்."

"அப்ப வேண்டாம். டுபாய்க்கு அங்காலதான் எனக்குக் கால் இழுக்கிறது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் சிரித்தார். ஆனால் இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கவுண்டரில் மலிவாகத் தருவது பெரும்பாலும் அந்தக் கவுண்டரில் இருந்து புறப்படுகிற பறப்புக்கு மட்டுந்தான். அதற்கு மேல் உள்ள நீண்ட பறப்பை அங்கே விற்க மாட்டார்கள், அல்லது விற்றாலும் மலிவாகத் தர மாட்டார்கள். கண்ணுக்கு முன்னால் குறைந்த விலை வந்ததும் பலர் அதை வாங்கிவிட்டு, டுபாயில் இறங்கும்போது கையிலே காசும் இல்லாமல், உடம்பிலே தூக்கமும் இல்லாமல் பதினாலு மணி நேரத்துக்கு நடுக் கதிரையில் போய் இருக்கிறார்கள். நீண்ட பறப்புக்கான காசை வீட்டில் இருந்தே, விமான நிறுவனத்தின் இணையத்தளத்திலோ செயலியிலோ கட்டிவிட்டுப் புறப்படுவதுதான் சரி. அம்மாவுக்கு அப்படித்தான் முன்கூட்டியே கட்டியிருந்தோம். விட்டுப்போனால் டுபாயில் மாறுகிற இடத்தில் உள்ள மேசையில் கேட்கலாம், இடம் மிச்சம் இருந்தால் தருவார்கள். அங்கே கார்ட் கொடுக்கும்போது ரூபாயில் எடுக்கவா திர்ஹாமில் எடுக்கவா என்று இயந்திரம் கேட்டால் திர்ஹாம் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் அந்த இயந்திரக்காரர் வைத்த விகிதத்தில் வெட்டும், அது பெரும்பாலும் வங்கியின் விகிதத்தைவிட மோசம். ஒரு டொலருக்கு 3.6725 திர்ஹாம் என்பது நிலையான விகிதம், ஆகவே கேட்கிற விலை சரியா என்று கைபேசியில் உடனே பார்த்துக்கொள்ளலாம்.

விலை சொல்லி விற்பதைத் தவிர, ஏலம் கேட்கிற முறையும் இருக்கிறது. மொன்றியலைத் தலைமையிடமாகக் கொண்ட பிளஸ்கிரேட் என்ற நிறுவனத்தின் முறையைப் பல விமான நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. ஒரு கோடு வரும், அதில் புள்ளியை இழுத்து நீங்கள் தரக்கூடிய தொகையை வைக்க வேண்டும். தொகை கூடக் கூட "வாய்ப்பு நல்லது" என்று நிறம் மாறும். அந்த நிறத்தை நம்பித் தொகையை ஏற்றாதீர்கள். உங்களுக்கு அந்தப் பறப்பு எவ்வளவு பெறும் என்று முதலே தாளில் எழுதிவைத்து, அதற்கு மேல் ஒரு டொலரும் வைக்காதீர்கள். ஏற்றுக்கொள்ளும் வரைக்கும் கார்டில் காசு எடுக்க மாட்டார்கள், நிறுவனம் வைத்த கெடுவுக்குள் தொகையை மாற்றலாம், வாபஸ் வாங்கலாம். ஏற்றுக்கொண்ட பிறகு திரும்பக் கிடையாது. முடிவு பெரும்பாலும் புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்னால்தான் வரும்.

பல பறப்புள்ள பயணத்தில் ஏலம் பறப்புக்குப் பறப்பு தனித்தனியாக நடக்கும். இரண்டுக்கும் கேட்டுவைத்தால், நிறுவனம் சின்னதை ஏற்றுக்கொண்டு பெரியதை மறுத்துவிடலாம். அப்படி நடந்த பிறகு "பெரியது இல்லாவிட்டால் சின்னதும் வேண்டாம்" என்று சொல்ல முடியாது. ஆகவே வேண்டியதற்கு மட்டும் கேளுங்கள். ஒரு பறப்பை வேறொரு நிறுவனம் ஓட்டினால், ரிக்கெற்றில் உங்களுக்குத் தெரிந்த நிறுவனத்தின் இலக்கம் இருந்தாலும், பெரும்பாலும் அந்தப் பறப்புக்கு ஏலமே வராது.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஒரே முன்பதிவில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் ஏலம் கேட்க முடியும். அம்மா, அப்பா, கூடப் போகிற மகன் என்று மூன்று பேர் ஒரே ஆறெழுத்துக் குறியீட்டில் இருந்தால், வைக்கிற தொகை மூன்றால் பெருகும். அம்மாவுக்கு மட்டும் வேண்டுமென்றால் முன்பதிவைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் இன்னொரு சிக்கல் வருகிறது. கொழும்பு விமானம் பிந்தி அடுத்த பறப்பைத் தவறவிட்டால், கணினி அம்மாவை ஒரு விமானத்திலும் மகனை இன்னொரு விமானத்திலும் ஏற்றிவிடக்கூடும். பிரிக்கச் சொல்லும்போதே, இரண்டு முன்பதிவிலும் மற்றதன் இலக்கத்தைக் குறிப்பாகப் போடச் சொல்லி ஏஜென்சியிடம் கேளுங்கள். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் அது அம்மாவின் புதிய முன்பதிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சக்கர நாற்காலிக்குக் காசு இல்லை. முதியவருக்கு டுபாய் போன்ற பெரிய நிலையத்தில் எந்த அப்கிரேட்டையும்விட அதுதான் பெரிய உதவி, கேட்க வெட்கப்படவே கூடாது.

பிரித்து அம்மாவை மட்டும் முன்னால் இருத்துவதா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆங்கிலம் பேச வராத, விமானத்தில் தனியே போய்ப் பழகாத ஒருவரை முன்னால் தனியாக இருத்தாதீர்கள். எக்கனமியில் இருக்கிற பிள்ளை நினைத்த நேரம் முன்னால் போய் நிற்க விடமாட்டார்கள். அந்தக் கதிரையில் பொத்தான்கள் ஏராளம். படுக்கையாக்கிய பிறகு அதை நிமிர்த்தத் தெரியாமல், கேட்கவும் தெரியாமல், கழிவறைக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு கிடந்த ஒரு மாமியை எனக்குத் தெரியும். அப்படியானவர்களுக்கு இரண்டு பேரும் எக்கனமியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, அம்மாவுக்கு நடைபாதைக் கதிரையை எடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு மணி நேரமும் எழுப்பி நடக்க வைப்பதே மேல். என் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, கேட்டுப் பேசிவிடுவார். அதனால் அவரை முன்னால் விட்டுவிட்டு நான் பின்னால் போனேன். நடுவில் ஒருமுறை விமானப் பணிப்பெண் வந்து "உங்கள் அம்மா நல்லாகத் தூங்குகிறார்" என்று சொல்லிவிட்டுப் போனார். இறங்கும்போது கால் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது, ஆனால் ஏறும்போது போட்டிருந்த சப்பாத்தோடேயே வெளியே வந்தார். கீல்வாதத்துக்காக உயர்த்தி வைக்கச் சொன்ன காலை உயர்த்தி வைக்க முடிந்தது என்று தங்கச்சியிடம் சொன்னாராம்.

சைவச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரதக்காரர் உள்ள வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. முன்பதிவில் ஏவிஎம்எல் என்ற குறியீட்டில் சைவச் சாப்பாடு சொல்லியிருப்போம். கடைசி நேரத்தில், கவுண்டரில் வைத்து வகுப்பை மாற்றினால் அந்தச் சாப்பாடு எக்கனமிச் சமையற்பகுதியிலேயே ஏறியிருக்கும். ஏறியதும் பணியாளரிடம் சொன்னால் பின்னால் இருந்து எடுத்து வந்து தருவார்கள். சொல்லாவிட்டால் அட்டையில் உள்ளதில் எது சைவம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். முன்கூட்டியே மாற்றியவர்கள், மாற்றிய பிறகு சாப்பாட்டுக் குறியீடு இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் ஊரில் ரிக்கெற் எடுப்பதே தனி விதம். பலர் ஏஜென்சியில் எடுக்கிறார்கள், அல்லது கனடாவில் இருக்கிற பிள்ளை அங்கே ஒரு முகவரிடம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறது. முன்பதிவில் இருக்கிற ஈமெயில் அந்த முகவருடையதாக இருக்கும். அப்கிரேட் விலை சொல்லும் கடிதங்கள் எல்லாம் அவருக்குப் போய், அவர் பார்க்காமலே கிடந்துவிடும். ரிக்கெற் எடுத்த அன்றைக்கே உங்கள் ஈமெயிலையும் தொலைபேசி இலக்கத்தையும் முன்பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். எடுப்பதற்கு முன்னால் இன்னொன்றும் கேளுங்கள். நீண்ட பறப்பு மட்டும் பிஸ்னஸ், மற்றது எக்கனமி என்று கலந்து எடுத்தால் என்ன விலை? முழுவதும் பிஸ்னஸ் என்றால் என்ன விலை? சில நேரம் மலிவு எக்கனமியும் இரண்டு அப்கிரேட்டும் சேர்ந்து, தள்ளுபடியில் வந்த பிஸ்னஸ் ரிக்கெற்றைத் தாண்டிவிடும். மிக மலிவான எக்கனமி விலைகளில் அப்கிரேட்டே செய்ய விடாத நிபந்தனையும் உண்டு.

கனடாவுக்குப் போகிற பெற்றோரில் பலர், பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் கொடுக்கிற சுப்பர் விசாவில் போகிறார்கள். 2022 ஜூலையில் இருந்து ஒரு தடவை போனால் ஐந்து வருடம் வரைக்கும் நிற்கலாம். பேரப்பிள்ளை பிறக்கும், குளிர் வரும், மனம் மாறும். திரும்பி வருகிற திகதி ஒருபோதும் சொன்ன திகதியாக இருப்பதில்லை. ஆகவே போகும்போதே திரும்புகிற பறப்புக்கும் அப்கிரேட் வாங்கிவைப்பதை நான் பிடிவாதமாக மறுப்பேன். ரிக்கெற்றின் திகதியை மாற்ற முடிந்தாலும் அப்கிரேட்டுக்குக் கட்டிய காசு அதனோடு சேர்ந்து நகரும் என்று எண்ணக்கூடாது. திரும்புகிற திகதி உறுதியான பிறகு, புறப்படுகிற வாரத்தில் பாருங்கள்.

கட்டிய காசுக்கு ஒரு பற்றுச்சீட்டு வரும். அது ரிக்கெற்றைப் போலவே பதின்மூன்று இலக்கம் கொண்டது, முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் குறியீடு. எமிரேட்சுக்கு 176, ஸ்ரீலங்கனுக்கு 603. ரிக்கெற் இலக்கம் வேறு, இந்த இலக்கம் வேறு. எங்கள் மாமா ஒருவருக்கு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தில், இரண்டாவது பறப்பின் விமானத்தையே மாற்றிவிட்டார்கள். மாற்றி வந்த விமானத்தில் மேல் வகுப்பில் இடம் குறைவு, அவரை எக்கனமியில் இருத்தினார்கள். காசு தானாகத் திரும்பும் என்றார்கள். திரும்பவில்லை. மாதக்கணக்கில் எழுதி, அந்தப் பதின்மூன்று இலக்கத்தைத் தேடிப்பிடித்து அனுப்பிய பிறகுதான் வந்தது. அவர் அந்தச் சீட்டை அச்செடுத்து வைத்திருந்ததால் தப்பினார்.

லண்டன், பாரிஸ் பக்கம் உறவுள்ளவர்களுக்கு இதில் கொஞ்சம் பலம் கூட. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தோ பிரிட்டனில் இருந்தோ புறப்படும் பறப்பில், ரிக்கெற் எடுத்த வகுப்புக்குக் கீழே இருத்தினால் விலையில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பறப்புக்குப் பொதுவாக அது 75 வீதம். ஆனால் முழுப் பயணத்தின் விலையிலும் 75 வீதம் என்று நினைத்துவிடக்கூடாது. டுசெல்டோர்பில் இருந்து டுபாய் ஊடாகத் தோக்கியோ போன ஒரு பயணியை முதல் பறப்பில் மட்டும் வகுப்பு இறக்கிய வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016 ஜூனில் தீர்ப்புச் சொன்னது. இறக்கிய பறப்பின் விலையில் மட்டுமே அந்த வீதம், அந்த விலை தனியாகக் குறிக்கப்படாவிட்டால் முழுத் தூரத்தில் அந்தப் பறப்பின் தூரம் எவ்வளவோ அந்தப் பங்கு, வகுப்பைப் பொறுத்து மாறாத வரிகள் சேராது என்று. பறப்புக்குப் பறப்பு தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது நீதிமன்றத்திலும் அப்படித்தான் போலும். லண்டனில் இருந்து திரும்புகிறவர்கள், அந்த நாட்டின் விமானப் பயணி வரி மேல் வகுப்பில் இரண்டு மடங்கையும் தாண்டுகிறது என்பதையும் மனதில் வைத்து, காட்டுகிற விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது மிச்சக் காசுக்கு வருகிறேன். முதல் பறப்பை மேம்படுத்தாமல் விட்டதில் மிஞ்சிய காசை வீதிப் பயணத்துக்குச் செலவழியுங்கள். விடியப்புற விமானத்துக்கு முதல் நாள் பின்னேரம் காளி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டு, இருட்டில் ஹபரணைக் காட்டைக் கடந்து, யானை நிற்குமோ என்று சாரதி வேகத்தைக் குறைக்க, நள்ளிரவில் கட்டுநாயக்கவில் இறங்கி, மூன்று மணி நேரம் வரிசையில் நின்று ஏறுவதுதான் எங்கள் வழக்கம். அப்படி ஏறியவருக்கு உலகத்தின் எந்தக் கதிரையும் போதாது. முதல் நாள் காலையிலேயே புறப்படுங்கள். தம்புள்ளையில் இறங்கி நடந்து, சாப்பிட்டு, மத்தியானம் தாண்டி நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்துக் காலை நீட்டிப் படுங்கள். விமான நிலையம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த அறைக்குக் கொடுக்கிற காசு எந்த அப்கிரேட்டோடும் ஒப்பிடக் கூடியது அல்ல, அவ்வளவு குறைவு. ரெயிலில் போகிறவர்கள் இரவு ரெயிலில் படுக்கைப் பெட்டி கிடைத்தால் மட்டும் போங்கள். இல்லாவிட்டால் எட்டு மணி நேரம் இருந்தபடி போய்க் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கி, மறுபடியும் வாகனம் பிடித்து, அது முதியவருக்கு ஆகாது.

தங்கச்சி வருகிற கோடைக்கு அம்மாவைத் திரும்பக் கூப்பிடுகிறாள். இந்த முறை இரண்டு பறப்புக்கும் தானே கட்டுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டுபாய்க்கு அங்கால் உள்ளதற்கு அவள் கட்டட்டும். டுபாய் வரைக்கும் அம்மாவுக்கு நடைபாதைக் கதிரை, அதற்கான சின்னக் கட்டணத்தை நான் கட்டுகிறேன். நீர்கொழும்பு அறையை அண்ணா பார்த்துக்கொள்கிறார். கீழ்த்தளத்தில் அறை வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவைத்திருக்கிறார், படி ஏற மாட்டாராம்.